வெறுவயிற்றில் ஒரு கிளாஸ் காமரங்காய்ச் சாறு

ஜூன் 9, திங்கள்

விடியவே கச்சான் காற்று. உவர்மலை முழுக்கப் புழுதி. உயர்தர உயிரியல் பேப்பர் முப்பத்தெட்டு திருத்தக் கிடக்குது. ஒண்டும் தொடேல்லை.

என்ர மனிசி மலர் லண்டனில, மகளின்ர பிள்ளைப்பேறுக்கு. போய் ரெண்டு மாசம். குசினி இப்ப என்ர கையில.

வளவுக் காமரங்காய் இந்த முறை அள்ளிக் காய்ச்சிருக்கு. ஒரு கூடை பிடுங்கி, நட்சத்திரம் நட்சத்திரமா வெட்டி, அடிச்சு வடிச்சன். சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, நல்ல மருந்தெண்டு போன கிழமை போனில ஒரு காணொளி. வெறுவயிற்றில பெரிய கிளாஸ் ஒண்டு, பத்து நாள். கதைச்சவர் வெள்ளைக் கோட்டு. என்ன படிச்சவர் எண்டு நான் பார்க்கேல்லை.

ஏழு மணிக்குக் குணம் வந்தான். தங்கச்சி வசந்தியின்ர புருசன். துறைமுகத்தில மீன்பிடிப் படகு எஞ்சின் திருத்துற வேலை. ஆறு வருசமாச் சீனி வருத்தம். குளிசை போட்டும் இறங்குதில்லை எண்டு புலம்புறவன்.

"என்ன மச்சான் இது? புளியில உயிர் போகுது."

"குடி. ரெண்டு கிழமையில சீனி இறங்காட்டி என்னைக் கேள்."

"சேர் சொன்னாச் சரிதானே."

மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே இழுவை. சைக்கிள்ல ஏறிப் போயிட்டான்.

நானும் ஒரு வாய் வைச்சன். பல் கூசிச்சுது. மிச்சத்தை ஊத்திப் போட்டன்.

பின்னேரம் ஒழுங்கை ஆக்களின்ர வட்சப் குறூப்பில குரல் பதிவு ஒண்டு. "இயற்கை தந்த இன்சுலின்" எண்டு தொடங்கினனான். நாலு நிமிசம். நல்ல தெளிவாச் சொல்லியிருக்கிறன் போல. ஒரே கைகூப்பல், நன்றி சேர், நன்றி சேர். சந்தோசம்.


ஜூன் 11, புதன்

குணம் மூண்டாம் நாள். நேற்றும் வந்து குடிச்சவன். இண்டைக்கு முகம் சரியில்லை. வயிறு பிரட்டுது, நாரி நோகுது எண்டு முதுகடியைப் பிடிச்சுக் காட்டினான்.

"கழிவு வெளிய போகுது. துவக்கத்தில அப்பிடித்தான் இருக்கும்."

இதை எங்க வாசிச்சனான்? ஒரு இடத்திலயும் இல்லை. வாயில வந்தது, சொன்னன்.

நாரிக்குப் பாமசியில கேட்டு நோக்குளிசை வாங்கிப் போட்டவனாம். இண்டைக்கு எஞ்சின் அறைக்குள்ள வேலை, அனல், தண்ணி குடிக்கவும் நேரமில்லையாம். கிளாஸை வாங்கிக் குடிச்சிட்டுத்தான் போனான்.

பேப்பர் 12 முடிஞ்சுது. கிணத்து மோட்டர் சத்தம் போடுது.


ஜூன் 12, வியாழன்

காலமை ஆறுக்கு வசந்தியின்ர போன். "அண்ணா, இவர் இரவிரவாச் சத்தி எடுக்கிறார். விக்கல் நிக்குதே இல்லை. நேற்றுப் பின்னேரத்துக்குப் பிறகு சலம் ஒரு சொட்டும் போகேல்லையாம்."

ஓட்டோவில ஏத்திப் பெரியாஸ்பத்திரி. குணத்தின்ர கையைப் பிடிச்சிருந்தனான், குளிர். விக்கலுக்கு நடுவில என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

வார்ட்டில டொக்டர் வந்தவ. சின்னப் பிள்ளை, தலையில நீலத் துணி. என்னைக் கண்டதும் நிண்டவ.

"சேர்! நான் ரிஸ்னா. கிண்ணியா. உங்கட ரியூசனுக்கு வந்தனான், முன் வாங்கில இருந்து படிச்சனான்."

ஞாபகம் இருக்கு. கேள்வி கேட்டு என்னைக் களைக்க வைச்ச பிள்ளை.

வசந்தியிட்ட எல்லாம் விசாரிச்சவ. என்ன குளிசை, எப்ப சாப்பாடு, எங்க வேலை. கடைசியா: "கை மருந்து ஏதும்? கசாயம், சாறு, ஊரில ஆரும் குடுத்தது, கடையில வாங்கின தூள்?"

வசந்தி: "அப்பிடி ஒண்டும் இல்லை டொக்டர்."

அவளுக்குத் தெரியாது. வேலைக்குப் போற வழியில குடிக்கிறவன், வீட்டில சொல்லேல்லை. ரிஸ்னா என்னைப் பார்த்தவ. சேருக்குத் தெரிஞ்சிருக்கும் எண்ட மாதிரி.

நான் யன்னலைப் பார்த்தன்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு பொய்யும் சொல்லேல்லை. வாயைத் திறக்கேல்லை. அவ "இல்லை" எண்டு எழுதினதைக் கண்ணாலை கண்டனான்.


ஜூன் 13, வெள்ளி

பாடசாலைக்கு லீவு போட்டன். இரத்தச் சோதனை வந்திட்டுது. நாலு துண்டுக் கடுதாசி. கிட்னி வேலை செய்யேல்லை. எலிக்காய்ச்சலா இருக்கலாமாம், படகடித் தண்ணியில நிக்கிற வேலை எண்டபடியால். அதுக்கு ஊசி தொடங்கியாச்சு. கொழும்புக்கு இரத்தம் அனுப்பப் போகினம்.

வசந்தி அழுதுகொண்டு: "எத்தினை தரம் சொன்னனான், செருப்பில்லாமல் அந்த ஊத்தைத் தண்ணிக்குள்ள இறங்காதேங்கோ எண்டு. கடையில கண்டதையும் திண்டு..." குணம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் தண்ணிப் போத்தல் வாங்கப் போன நேரம் குனிஞ்சு அவன்ர காதடியில: "குணம், நான் அந்தச் சாற்றுக் கதையை டொக்டரிட்டச் சொல்லப் போறன்."

"விடு மச்சான்." விக்கல். "பழச்சாறு என்ன மருந்தோ? அந்தப் பிள்ளை உன்னட்டப் படிச்சது. ஊர் முழுக்கச் சேர் சேர் எண்டுதுகள். உன்ர பேர் ஏன் கெடவேணும்."

நான் விட்டன்.

வருத்தக்காரன் சொன்னதைச் சாட்டாப் பிடிச்சுக்கொண்டு வீட்டுக்கு வந்தன். பின்னேரம் புத்தக அலுமாரியைத் திறந்தன். என்ர சொந்தக் குறிப்புத்தான், உயர்தரம் முதலாம் தவணை. தாவரக் கலம். கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள், ஊசி ஊசியா, நானே கீறின படம். கீழே என்ர கையெழுத்தில: ஒட்சாலிக்கமிலம் கூடின தாவரங்கள், உ-ம்: ... காமரங்காய்.

பதினெட்டு வருசமா அதைக் கரும்பலகையில எழுதுறன்.

மலர் போன் எடுத்தவ. "ஏன் குரல் ஒரு மாதிரி?" புழுதி எண்டனான்.


ஜூன் 14, சனி

ஆறரைக்கே ஆஸ்பத்திரி வாசல். ரிஸ்னா ஏழேகாலுக்கு வந்தவ, கையில சாப்பாட்டுப் பை. ஓடிப் போய் மறிச்சன்.

"பிள்ளை, காமரங்காய்ச் சாறு. நான் குடுத்தனான். திங்கள், செவ்வாய், புதன். வெறுவயிற்றில. பெரிய கிளாஸ். அதோட நோக்குளிசையும் போட்டவன்."

பையைக் கதிரையில வைச்சவ. பேனை எடுத்தவ.

"ஒரு கிளாஸுக்கு எத்தினை காய் சேர்?"

"எட்டு... பத்து."

"தண்ணி கலந்தீங்களா?"

"இல்லை."

எழுதி முடிச்சு நிமிர்ந்தவ. கத்துவா எண்டு நினைச்சன். கத்தினா நல்லா இருந்திருக்கும்.

"வியாழக்கிழமை கேட்டனான் சேர்."

"ஓம்."

"ரெண்டு நாள்."

"ஓம் பிள்ளை."

பிறகு நடந்துகொண்டே விளங்கப்படுத்தினவ. கறியில ரெண்டு துண்டு போடுறது வேற, பத்துக் காயைப் பிழிஞ்சு வெறுவயிற்றில ஊத்துறது வேற. சீனி வருத்தக்காரற்ற கிட்னி ஏற்கெனவே களைச்சுப் போயிருக்கும். அந்தக் காயின்ர ஒட்சாலிக்கமிலம் பளிங்காகி உள்ளே அடைக்கிறது. தண்ணி குடியாமல் அனலுக்கை வேலை, மேல நோக்குளிசை. இப்பிடி முந்தியும் ஆக்கள் வந்திருக்கினமாம். "கொத்தமல்லி, இஞ்சி எண்டு குடிக்கிறதை நாங்கள் மறிக்கிறதில்லை சேர். ஆருக்கு, எவ்வளவு, என்ன குளிசையோட எண்டு கேட்டிட்டுக் குடிக்கட்டும். கேட்கக் கூச்சமெண்டால், குடிச்சதையெண்டாலும் எங்களுக்குச் சொல்லட்டும்."

நான் அவவுக்குப் பின்னால நடந்தன். பரீட்சையில பிடிபட்ட பெடியன் மாதிரி.

வசந்திக்கு வார்ட் வாசலில வைச்சுச் சொன்னன். அவள் என்ர சேட் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த மனிசனை எவ்வளவு பேசினனான் அண்ணா. ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லேல்லை."

பிறகு உள்ளே போயிட்டாள். கதவை மூடேல்லை. ஆனால் நான் போகேல்லை.

பத்து மணிக்கு டயலைசிஸ் மெசின்.


ஜூன் 16, திங்கள்

ரெண்டாம் தரம் மெசின். வெளி வாங்கில இருந்தன். வசந்தி வரேக்க எழும்பினன், அவள் வேற வாங்கில போய் இருந்தாள்.

ரிஸ்னா கேட்டபடி குணத்தின்ர வீட்டில அவன் பாவிக்கிற எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போனன். வசந்தி வீட்டுத் திறப்பைத் தந்தாள், முகம் பார்க்காமல். இருந்தவை: சீனிக் குளிசை, பிறசர்க் குளிசை, நோக்குளிசை அட்டையில ஆறு காலி. வெந்தயத் தூள் போத்தல். பெயர் விளங்காத பச்சை டப்பா, "மூட்டுக்கு" எண்டு ஆரோ பேனையால எழுதினது, காலாவதி அழிஞ்சு போச்சு. வெளிநாட்டு மீனெண்ணெய், இது வசந்தியின்ர.

பச்சை டப்பாவில எழுதினது என்ர கையெழுத்து. போன வருசம் குடுத்தனான். மறந்தே போனன்.

அதையும் ரிஸ்னாவிட்டச் சொன்னன். உடனே சொன்னன். அவ தலையை மட்டும் ஆட்டினவ.


ஜூன் 17, செவ்வாய்

குறூப்பில என்ர குரல் பதிவு அப்பிடியே கிடக்குது. அழிக்க வெளிக்கிட்டன், நேரம் போயிட்டுது, எல்லாருக்கும் அழியாதாம்.

திருத்தம் எழுதினன். முதல் தரம்: "சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்." அழிச்சன். ரெண்டாம் தரம்: "மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்." அதையும் அழிச்சன். ரெண்டிலயும் நான் இல்லை.

மூண்டாம் தரம் குரலில: "நான் சொன்னது பிழை. நான் குடுத்த சாற்றால என்ர தங்கச்சியின்ர புருசன் ஆஸ்பத்திரியில, கிட்னி பழுது. ஒருத்தரும் குடிக்காதேங்கோ. குடிச்சவை உடன டொக்டரிட்டப் போய்ச் சொல்லுங்கோ. போட்டுக்கொண்டிருக்கிற குளிசையை நிப்பாட்டாதேங்கோ."

கைகூப்பல் இல்லை. ஒராள், "சேர், சனத்தைப் பயப்படுத்தாதேங்கோ, இயற்கைதானே." ரெண்டு பேர் குறூப்பை விட்டுப் போயிட்டினம்.

பிறகு தெரியாத நம்பரிலயிருந்து ஒரு பொம்பிளை, மூதூர். ஆரோ அங்க அனுப்பியிருக்கினம். "சேர், வாப்பாக்கு நாலு நாளாக் குடுக்கிறன். சீனிக் குளிசையையும் நிப்பாட்டிட்டன். இப்ப என்ன செய்ய?"

இண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ, மிச்சச் சாறு இருந்தால் அதையும் கொண்டு போய்க் காட்டுங்கோ எண்டனான். பின்னேரம் அவவே எடுத்தா. சோதிச்சுப் பார்த்திட்டினம், தப்பியாச்சு, நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லி விட்டிருக்கினமாம். "நீங்க சொன்னது நல்லது சேர்" எண்டா.

எதைச் சொன்னது? குடியுங்கோ எண்டதையோ, குடியாதேங்கோ எண்டதையோ?


ஜூன் 20, வெள்ளி

சலம் போகத் தொடங்கிட்டுது. வார்ட்டே அதைக் கொண்டாடுது, குணம் அளவுச் சாடியைத் தூக்கிக் காட்டுறான், வெக்கங்கெட்டவன். இனி மெசின் தேவைப்படாது போல. பழையபடி முழுக்க வருமோ எண்டு இப்பச் சொல்ல ஏலாது, மாசாமாசம் கிளினிக், இரத்தம் பார்க்கவேணும் எண்டு ரிஸ்னா.

எலிக்காய்ச்சல் இல்லையெண்டு கொழும்பு முடிவு.

பேப்பர் எல்லாம் திருத்தி முடிச்சன். பளிங்குக் கேள்விக்கு அரைவாசிப் பிள்ளையள் சரி.


ஜூன் 25, புதன்

காற்றுக் குறைவு. குணம் நேற்று வீட்டுக்கு. பின்னேரம் போனன். வெறுங்கையோட. பழம் வாங்கப் போய்க் கடை வாசலில நிண்டு, என்ன பழம் எண்டு தெரியாமல் திரும்பினனான்.

முன் விறாந்தையில குணம், பத்துக் கிலோ இறங்கின மாதிரி. பக்கத்தில படகடியில அவனோட வேலை செய்யிற சேகர். கையில தேத்தண்ணி. வசந்தி குசினிக்குள்ள.

சேகர்: "வாங்கோ சேர். எங்களுக்கெல்லாம் நல்ல பயம். குணமண்ணைக்கு எலிக்காய்ச்சல் எண்டதும் படகடியில எல்லாரும் போய்த் தடுப்புக் குளிசை கேட்டு நிண்டம். ரெண்டு பேர் வேலைக்கே வரேல்லை."

குணம் எனக்குக் கண் காட்டுறான். விடு எண்டு. இவ்வளவு நாளும் வந்தவை போனவை எல்லாருக்கும் அவன் எலிக்காய்ச்சல் கதைதான் சொல்லியிருக்கிறான், எனக்காக.

குசினியில கோப்பைச் சத்தம் நிண்டிட்டுது.

"எலிக்காய்ச்சல் இல்லை சேகர்" எண்டனான். "அவன்ர வேலையிலயும் பிழை இல்லை. நான் காமரங்காய்ச் சாறு குடுத்தனான். டொக்டர் கேட்கேக்க வெக்கத்தில ரெண்டு நாள் மறைச்சனான். படகடியில எல்லாருக்கும் சொல்லு, நான் சொன்னதெண்டே சொல்லு."

சேகர் என்னைப் பார்த்தான். குணத்தைப் பார்த்தான். கையில இருந்த தேத்தண்ணியைப் பார்த்தான்.

"இது வெறும் தேத்தண்ணிதான்ரா" எண்டு குணம். சிரிக்க வெளிக்கிட்டு நாரியைப் பிடிச்சுக்கொண்டான்.

வசந்தி குசினிக் கதவடியில வந்து நிண்டாள். பதினொரு நாளைக்குப் பிறகு என்ர முகத்தைப் பார்த்து:

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஓம்."

"சீனி போடுறதோ?"

என்ர தங்கச்சி. சின்னனில இருந்து கேட்காமலே எனக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணி தாறவள். முதல் தரம் கேட்கிறாள்.

"ஒரு கரண்டி" எண்டனான்.