அரைச்சர்க்கரை மேயர்

பிப். 3, செவ்வாய்

பனி. எதிர்வீடே தெரியல. எதிர்வீட்டுக்கு நானும் தெரியல, அது இன்னும் நல்லது. ரெக்கார்ட் நோட்டுல ரெண்டு படம் பாக்கி: தவளை, தவளைக்கு உள்ளே.

குப்பை வண்டி சத்தமில்லாம வந்துச்சு. தினமும் ஸ்பீக்கர்ல மேயர் குரல் வரும். "அன்பார்ந்த பொதுமக்களே… உங்கள் நலன் கருதி…" மூக்கால, நிறுத்தி நிறுத்தி. பதவி போய் வருஷக்கணக்காச்சு, குரல் மட்டும் குப்பை வண்டியில வேலை பார்த்துட்டிருந்துச்சு. வண்டி அக்காகிட்ட கேட்டேன்.

"மேயர் ஐயா விடியக்காலம் தவறிட்டாரு பாப்பா. இன்னிக்குப் போட வேணாம்னுட்டாங்க."

உள்ளே ஓடி அம்மாகிட்ட சொன்னேன். ஜவுளிக்கடைக்குக் கிளம்பிட்டிருந்தாங்க. வாயில சேலை பின், அதனால பதில் இல்ல. பின்னை எடுத்தப்புறமும் இல்ல.

மேயர் போட்ட சட்டங்கள், ஞாபகம் வர்றவரை:
- டீக்கடையில ஆள் கேட்காம முழுச் சர்க்கரை போடக்கூடாது, அரைதான். (அரைச்சர்க்கரைன்னு அவருக்குப் பேர் வச்சது நான். ஊரே சொல்லுது. காப்பிரைட் கிடைக்கல.)
- பரோட்டாக் கடை பத்து மணிக்கு மூடணும்.
- ஸ்கூல் வாசல்ல குச்சி ஐஸ் வண்டி நிக்கக் கூடாது.
- சாவு ஊர்வலத்துல வெடி, மேளம் கூடாது. ரோட்டுல பூ போடக் கூடாது.

கடைசி ஒண்ணுக்கு மட்டும் எனக்கு ஜோக் வர மாட்டேங்குது.

அப்பா நெல் அறுப்பு மெஷின் ஓட்டினார். அந்தச் சத்தத்துலயே இருந்து காது மந்தம். பக்கத்துல உட்கார்ந்து "சாம்பார் ஊத்து"ன்னு சொன்னா மூணு வீட்டுக்குக் கேட்கும். "நான் செத்தா நல்லா வெடி போடுங்கடா. நான் போறது எனக்கே கேட்கணும்"பார். எல்லாரும் சிரிப்போம். போன வருஷம், இதே அறுப்புச் சமயம், நெஞ்சுவலி. குடவாசல் மாமா கை நிறைய சரவெடி வாங்கிட்டு வந்தார். நெருப்பு வைக்கறதுக்குள்ள கார்ப்பரேஷன் ஜீப். சானிட்டரி இன்ஸ்பெக்டர் இறங்கி, "ரூல்ஸுங்க. தப்பா எடுத்துக்காதீங்க." தப்பாத்தான் எடுத்துக்கிட்டோம். ஆனா என்ன பண்ண முடியும்.

அப்பா சத்தமே இல்லாம செஞ்ச ஒரே காரியம் அதுதான்.

நாளைக்கு மேயர் ஊர்வலம் நம்ம தெரு வழியா. கட்சிக்காரங்க சும்மா விடுவாங்களா? தெரு அதிரும். மாடியிலேர்ந்து வீடியோ எடுத்து, அவர் சட்டத்தை அவர் குரல்லயே நான் பேசி மேலே ஒட்டி, ஊருக்கே அனுப்பப் போறேன். அவர் குரல் எனக்கு அச்சா வரும். போன ஆடிமாசம் ஸ்கூல் மைக்ல "உங்கள் நலன் கருதி கணக்குத் தேர்வு ரத்து செய்யப்படுகிறது"ன்னேன். பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க.

பிப். 4, புதன்

வயித்துவலி (லீவ் லெட்டர்ல மட்டும்). மாடியில காத்திருந்தேன். போன்ல சார்ஜ் ஃபுல்.

வந்தாங்க. சத்தமில்ல.

முதல்ல மேளம் பின்னாடி வருதோன்னு பார்த்தேன். பின்னாடியும் இல்ல. கண்ணாடி வண்டி, உள்ளே மட்டும் மாலை. ரோட்டுல ஒரு இதழ் இல்ல. முனையில வண்டி நின்னப்ப கட்சிக்காரர் ஒருத்தர் அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு ஓடி வந்தார். மேயரோட வீட்டம்மா காரை விட்டு இறங்கினாங்க.

"என்னது அது?"

"அம்மா, ஒரே ஒரு பத்தாயிரம் வாலா. ஊரே எதிர்பார்க்குதும்மா. தலைவருக்கு இதுகூட இல்லேன்னா…"

"அவர் போட்ட சட்டம் அவருக்கும்தான்னு அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு. எடுத்துட்டுப் போப்பா."

எடுத்துட்டுப் போயிட்டார்.

வீடியோ போன்ல இருக்கு. செருப்புச் சத்தம், காக்கா, யாரோ இருமறாங்க. இதை வச்சு யாரைக் கிண்டல் பண்றது?

ஒரு வருஷமா அந்த ஆள் மேல கோவமா இருந்தேன். ஸ்கூல் விட்டு வந்து அம்மா வர்றவரை வீட்டுல நானும் டிவியும்தான். டிவி பேசும், நான் மனசுக்குள்ள அவரைத் திட்டுவேன், பொழுது போயிடும். ஏமாத்துக்காரன், தனக்குன்னு வந்தா மாத்திப்பான், அன்னிக்கு இருக்குன்னு நினைச்சு வச்சிருந்தேன். மாத்திக்கல. இப்ப அதுவும் போச்சு.

சாயங்காலம் மோர்க்குழம்பு சுட வச்சேன். திரிஞ்சிருச்சு.

பிப். 5, வியாழன்

வெயில். ஆத்தங்கரை ரோடு பூரா நெல் காயுது. சைக்கிள் போக ஒரு கோடு விட்டிருக்காங்க. மூக்குல தூசி.

செல்வம் அண்ணன் டீக்கடையில (எங்க வீட்டுக்குப் பால் அங்கதான்) சண்டை. புது பார்க்குக்கு மேயர் பேர் வைக்கறதா வேண்டாமா.

ரிட்டையர்டு போஸ்ட்மேன் தாத்தா: "எனக்குச் சுகர் இருக்கறதே அவர் வச்ச கேம்ப்லதான் தெரிஞ்சுது. இல்லேன்னா இந்நேரம் காலை எடுத்திருப்பாங்க."

லாரி டிரைவர்: "அதுக்காக என் டீக்கு எவ்வளவு சர்க்கரைன்னு கார்ப்பரேஷனா சொல்லும்? நாளைக்கு எத்தனை இட்லின்னும் சொல்லுவாங்களா?"

"சொன்னா நல்லதுதான்யா உன் தொப்பைக்கு."

"என் தொப்பை, நான் வளர்த்தது!"

செல்வம் அண்ணன்: "கேட்டா முழுசாப் போட்டுத்தானேண்ணே தந்தேன்? கேட்க வெட்கப்பட்டுக்கிட்டு நீங்க குடிக்காமப் போனதுக்கு அவர் என்ன பண்ணுவாரு?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் மேயர் குரல்ல, "உங்கள் நலன் கருதி சண்டைக்கும் அரைச்சர்க்கரைதான்"னேன். இன்னும் சிரிச்சாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, பால் தூக்கோட திரும்பற வரைக்கும். பின்னாடி பிருந்தா நின்னுட்டிருந்தா. என் பெஞ்ச் மேட். இருந்த ஒரே ஃப்ரெண்ட்.

"அந்த வெடிச் சட்டம் ஏன் வந்துச்சுன்னு தெரியுமாடி உனக்கு?"

தெரியும். அவளோட சித்தி பையன். ஊர்வலத்துல தெறிச்ச வெடி, வலது கண்ணு. அஞ்சு வயசு அப்ப.

"தெரியும்ல? அப்புறமும் கிண்டல் பண்ணு."

எனக்கு எங்கப்பான்னு சொல்ல வந்துச்சு. சொல்லல. அப்பான்னு சொன்னாலே பொண்ணுங்க எல்லாம் ஸ்கேலைப் பார்க்க ஆரம்பிச்சிடறாங்க. இப்பல்லாம் என் ஜோக்குக்குக்கூட அரைச்சர்க்கரைச் சிரிப்புதான், கேட்காமலே.

பிப். 6, வெள்ளி

பிருந்தா முன் பெஞ்சுக்கு மாறிட்டா. காரணம் கேட்ட டீச்சர்கிட்ட போர்டு தெரியலன்னு சொன்னா. அவ கண்ணுக்குப் பறக்கற கொசுவோட காலே தெரியும்.

மதியம் தயிர்சாதம். தனியா. ஊறுகாயைப் பங்கு கேட்க ஆள் இல்ல. மொத்தமும் எனக்கே. உப்பு.

பிப். 7, சனி

எங்க வார்டு கவுன்சிலர் வீட்டுக்கே வந்துட்டார். நாளைக்கு டீக்கடை முனையில இரங்கல் கூட்டம்.

"பாப்பா, உனக்கு ஐயா குரல் அப்படியே வருமாமே? செல்வம் சொன்னான். குப்பை வண்டியில பேசுவாருல்ல, அதுல ரெண்டு வரி. ஐயா வீட்டம்மா முன் வரிசையில இருப்பாங்க. கேட்டா ஆறுதலா இருக்கும். மரியாதையா, என்ன?"

சரிங்கன்னேன். சொன்ன நிமிஷத்துலேர்ந்து மண்டைக்குள்ள குரங்கு. கையில மைக். முன்னாடி ஊர். என்ன வேணா சொல்லலாம். பரோட்டாவை ஃப்ரீ பண்ணலாம். அரைச்சர்க்கரைன்னு அவர் வாயாலயே சொல்ல வைக்கலாம்.

மாடியில நடந்துட்டே யோசிச்சேன். தூரத்துல வயல்ல அறுப்பு மெஷின். அதுல இருக்கறது வேற யாரோ.

அவர் ஏமாத்துக்காரர் இல்ல, சரி. தனக்கு வெடி வேண்டாம்னு சொன்னார், வேண்டாம்னே அனுப்பிட்டாங்க. அவர் இஷ்டம். ஆனா எங்கப்பா வேணும்னு சொன்னார். அந்த இஷ்டம் என்னாச்சு? ரெண்டு பேரும் ஒரே மாதிரி போனாங்க, ஆனா ஒருத்தர்தான் கேட்ட மாதிரி போனார். பிருந்தா சித்தி பையனும் உண்மை. இதுவும் உண்மை. வெட்டவெளியில ஆத்து மணல்ல வச்சுக் கொளுத்தறோம்னு மாமா கெஞ்சினாரே, அதுக்காவது சரின்னிருக்கலாம். சட்டத்துல அப்படி ஒரு வரி இல்லையாம்.

நாளைக்கு என்ன சொல்றதுன்னு தெரிஞ்சிருச்சு. அம்மாகிட்ட சொல்லல.

பிப். 8, ஞாயிறு

புழுக்கம். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, போட்டோவுக்கு மாலை. டீ எல்லாருக்கும். அரைச்சர்க்கரைதான். யாரும் மாத்திக் கேட்கல, லாரி டிரைவர்கூட. பிருந்தா கடைசி வரிசையில அவங்க சித்தியோட. அம்மா வரல, ஜவுளிக்கடைக்கு ஞாயிறு லீவு கிடையாது.

மைக்கைக் கொடுத்தாங்க.

"அன்பார்ந்த பொதுமக்களே…"

கூட்டம் அப்படியே நிமிர்ந்துச்சு. போட்டோவைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. சில பேர் சிரிச்சாங்க. வீட்டம்மா கண்ணை மூடிட்டாங்க.

"குப்பையைத் தரம் பிரித்துக் கொடுங்கள். உங்கள் நலன் கருதி…"

இதோட ரெண்டு வரி முடிஞ்சுது. கவுன்சிலர் கை நீட்டினார். நான் மைக்கை விடல.

"மேலும்… நமது மாரியம்மன் கோயில் தெருவைச் சேர்ந்த அறுப்பு மெஷின் டிரைவர் திரு. கணேசன் அவர்கள், தன்னுடைய இறுதி ஊர்வலத்தில் வெடி வெடிக்க விருப்பம் தெரிவித்திருந்தார். அவருடைய விருப்பம் கருதி… ஆற்று மணலில், பாதுகாப்பான தூரத்தில்… அனுமதி அளிக்கப்படுகிறது."

"அவருடைய விருப்பம் கருதி"ங்கறப்ப மேயர் குரல் உடைஞ்சிருச்சு. என் குரல் வந்துடுச்சு. யாரும் சிரிக்கல. ஒரு சைக்கிள் மணி கேட்டுச்சு.

கவுன்சிலர் மைக்கைப் பிடுங்கினார். "சின்னப் பொண்ணு, மன்னிச்சுக்குங்கம்மா…"

வீட்டம்மா கண்ணைத் திறந்தாங்க. என்னைப் பக்கத்துல கூப்பிட்டாங்க.

"குரல் அவரேதான்மா. ஆனா அவர் இந்த அனுமதி கொடுத்திருக்க மாட்டாரு."

"தெரியும் ஆன்ட்டி. அதான் நான் கொடுத்தேன்."

அவங்க என் கையைப் பிடிச்சுக் கொஞ்ச நேரம் விடல. அப்புறம் அடுத்த ஆளைப் பேசக் கூப்பிட்டுட்டாங்க.

பிருந்தா கை தட்டல. அவங்க சித்தி முந்தானையால மூக்கைத் துடைச்சிட்டிருந்தாங்க. தாண்டிப் போறப்ப பிருந்தா நின்னு, "நாளைக்கு ரெக்கார்ட் நோட்டு கடைசி நாள். தவளை வரைஞ்சியா?"ன்னா. இல்லன்னேன். "தெரியும்"னுட்டுப் போயிட்டா.

நான் பேசினதை யாரோ எடுத்த வீடியோ, அம்மா வர்றதுக்கு முன்னாடியே ஜவுளிக்கடைக்குப் போயிருந்துச்சு. வந்தாங்க. திட்டு விழும்னு தட்டு எடுத்து வச்சுட்டு நின்னேன். கை கழுவினாங்க, உட்கார்ந்தாங்க, தோசை ஊத்தச் சொன்னாங்க. ரெண்டு தோசை சாப்பிட்டாங்க. மூணாவதைப் பிட்டுக்கிட்டே, என்னைப் பார்க்காம:

"அப்பா குரல் வருமாடி உனக்கு?"

வராதும்மான்னேன்.

வரும்.