நான் கேட்காத பன்னிரண்டு பேர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

செவ்வாய்க்கிழமை ஆபீசில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பயப்படாதே, வேலை போகவில்லை. போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன்.

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றைத் தயாரிக்கிறோம். பெரியவர்கள் பன்னிரண்டு பேரிடம் அதைக் காட்டிக் கருத்துக் கேட்பது புராடக்ட் மேனேஜரான என் பொறுப்பு. நேரமில்லை என்று பன்னிரண்டு பதில்களையும் நானே எழுதிவிட்டேன். முதல் பதில் உன் பெயரில்: "கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுது தம்பி." நீ கண்ணாடி இல்லாமல் கடிகாரம்கூடப் பார்க்க மாட்டாய்.

எனக்கு மேலே இருக்கும் மேடம் படித்துவிட்டுச் சிரித்தார். "ஒருத்தர்கூடவா குறை சொல்லல? எங்க வீட்டுல நாலு பேர் இருந்தா அஞ்சு குறை வரும். இந்த முதல் அம்மாவுக்கு போன் போடுங்க, நானும் கேக்கறேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் எண்ணைத் தொட விரல் வரவில்லை. "யாரையும் கேக்கல மேடம்" என்றேன்.

"எல்லாம் கத்துக்கிட்டீங்க. காது கொடுக்கக் கத்துக்கலேன்னா இந்த வேலைல நிக்க முடியாது" என்றார். பன்னிரண்டு பேரையும் நிஜமாகவே கேட்டு வர ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்.

இருக்கைக்குத் திரும்பியபோது போனில் உன் தவறிய அழைப்பு இருந்தது. "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்று உனக்கு எத்தனை முறை அனுப்பியிருக்கிறேன் என்று மேலே தள்ளிப் பார்த்தேன். முடிவே வரவில்லை.

செயலியை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். எங்கே தடுமாறுகிறாயோ அங்கே என்னைத் திட்டு. அது முடிந்ததும் வேறு ஏதாவது சொல்லம்மா. எதுவானாலும் கேட்கிறேன்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மகன்