கோசுக்கு நூல் வேண்டாம்

ம்பாலா,
பிப்ரவரி 11

அன்புள்ள முவிலாவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் பிரிட்டோரியாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், கடவுளிடம் அதைத்தான் கேட்கிறேன். நானும் சுகம் என்று எழுத வந்தேன், கை வரவில்லை. முழங்கால் வலி எப்போதும்போல்தான். ஆடு இரண்டு குட்டி போட்டு ஒன்றுதான் பிழைத்தது. உன் தம்பி ஏரிக்குப் போய்க் கருவாடு வாங்கி வந்து சந்தையில் விற்கிறான், பாதியை அவனே தின்கிறான். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். பேசினால் நான் அழுவேன், நீ சமாதானம் சொல்வாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

நம் நிலத்தில் மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டது. இலையெல்லாம் ஊதா நிறம். பீன்ஸ் வெளுத்துப்போய்ப் பூவே வைக்கவில்லை. மழைக்குக் குறைவில்லை, விதையும் நான் எடுத்து வைத்த விதைதான். பதினாறு வருடமாக மழை முடியும்போதெல்லாம் புல்லை மண்கட்டியோடு வெட்டிக் கவிழ்த்து மேடு கட்டி, அதில் பீன்ஸ் ஊன்றி, அடுத்த மழைக்கு மேட்டைப் பிரித்துப் பரப்பி வந்த நிலம் அது. என் இடுப்பு போனதே அதில்தான். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அது என்னைப் பட்டினி போட்டதில்லை. இந்த வருடம் உன் தம்பிக்கும் எனக்கும் ஜூன் வரைக்கும் கஞ்சிக்கு மாவு வருமா என்பதே சந்தேகம்.

அந்த மேட்டுக்குள் என்ன நடக்கிறது என்று, காலேஜில் விவசாயம் படித்தபோது எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். புல்லுக்குள் வெள்ளையாகப் படர்ந்திருந்ததைக் காட்டி நீ சொன்ன பூஞ்சை இதுதானே என்று நான் கேட்டபோது எப்படிச் சிரித்தாய். "அது புல்லை மக்க வைக்கிறது அம்மா, நான் சொல்றது வேற, வேருக்குள்ளயே குடியிருக்கும், அதோட நூல் கண்ணுக்கே தெரியாது, பயிருக்குத் தண்ணியும் சத்தும் தூரத்துல இருந்து தூக்கிட்டு வரும்" என்றாய். நம் பீன்ஸ் வேரைக் கொண்டுபோய்ச் சாயம் ஏற்றி, நீலநீலமாகப் படம் எடுத்து அனுப்பினாய். என் பீன்ஸ் நீலத் துணி உடுத்தியிருக்கிறது என்று சர்ச் முழுக்கக் காட்டினேன். ஆழமாக உழுதால் அந்த நூல் அறுந்துபோகும் என்றதும் நீதான். உரத்தை அள்ளிக் கொட்டினால் பயிர் அதற்குச் சோறு போடுவதை நிறுத்திவிடும் என்றதும் நீதான். "கோசுக்கு அந்த நூல் வேண்டாம்மா, கோசு மட்டும் போட்ட மண்ணுல அது பட்டினி கிடந்து செத்துரும்" என்று சொன்னதும் நீயேதான். நான் ஒன்றையும் மறக்கவில்லை.

அப்புறம் போன வருடம் உன் மாமா சிசாலா டிராக்டரோடு வந்து நின்றான். நான் குறுக்கே போய் நின்றேன். "அக்கா, உனக்கு இதுல என்ன வேலை, உன் மகளே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா" என்று காகிதத்தை நீட்டினான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா. போனில் கேட்டதற்கு, "ஒரே ஒரு வருஷம்தானேம்மா, எங்க விதைக் கம்பெனிக்கு ஒரு மாதிரி வயல் வேணும், எனக்கும் நல்ல பேர் கிடைக்கும்" என்றாய். கம்பெனி ஆட்கள் மூன்று தடவை ஆழ உழுதார்கள், மருந்து தோய்த்த விதையைக் கொண்டு வந்து நாற்று விட்டார்கள், உரம் கொட்டினார்கள், நிலம் முழுக்கக் கோசு போட்டார்கள். கோசு ஒவ்வொன்றும் தலை பெரிதாகத்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், மறுபடி ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. சிசாலா ஒன்றும் தெரியாதவன், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கம்பெனி என் வயிற்றில் பிறக்கவில்லை. நீ தெரிந்தே செய்தாய். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

உழாத மேட்டு மண் எல்லைக்கு அந்தப் பக்கம் நகம்பாவிடம்தான் இருக்கிறது. குழிக்கு ஒரு பிடி போட்டால் அந்த நூல் மறுபடி பிடிக்கும் என்று நீ சொன்ன ஞாபகத்தில் அவளிடம் போனேன். அடுத்தவள் நிலத்து மண்ணை எடுப்பவளை நம் ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். விளைச்சலைத் திருடும் சூனியக்காரி என்பார்கள். அதனால் பட்டப்பகலில், அவள் மாமியாரையும் இரண்டு பெண்களையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, முற்றத்தில் மண்டியிட்டு, மூத்தவர்கள் முன்னால் மரியாதைக்குத் தட்டுவதுபோல் கை தட்டிக் கேட்டேன். இந்த வயதில் அப்படிக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். பிறகு, "உனக்குன்னா எட்டுக் கூடை தரேன், உன் மகளுக்குன்னா ஒரு சிட்டிகைகூடத் தர மாட்டேன். அந்த நிலம் யார் பேர்ல இருக்கு" என்றாள்.

உன் அப்பா இறந்தபோது அவர் வீட்டு ஆட்கள் பிடுங்கிக்கொள்ளக் கூடாதென்று, படித்த பெண் காப்பாற்றுவாள் என்று நம்பித்தான் ஊர்த்தலைவரின் நில நோட்டில் உன் பெயரை எழுத வைத்தேன். போன செவ்வாய்க்கிழமை போய் அதை அடிக்கச் சொன்னேன். "யோசிச்சுத்தான் சொல்றியா" என்று தலைவர் இரண்டு தடவை கேட்டார். என் பெயரை எழுதச் சொன்னேன். அங்கிருந்து நேராக நகம்பாவிடம் போய், எட்டுக் கூடை மண்ணையும் ஒவ்வொன்றாக நானே சுமந்து வந்தேன். மழை விடுவதற்குள் பீன்ஸ் ஊன்றியாக வேண்டும். பிடிக்குமா பிடிக்காதா, எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்கவும் மாட்டேன்.

குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கிக்கொள், உனக்கு நெஞ்சுச்சளி சீக்கிரம் பிடிக்கும். வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் வயிறு குளிர்ந்து பிள்ளை பிறக்கட்டும். அந்தப் பிள்ளை உனக்கு இப்படிச் செய்யாதிருக்கட்டும். ஊரில் எல்லோரும் இன்னும் உன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், அதை அடிக்க எந்த நோட்டிலும் இடமில்லை.

இப்படிக்கு,
முவிலாவின் அம்மா