கருவாட்டு டப்பாவில் கொஞ்சம் வெளிச்சம்

பிப்ரவரி 4

அன்புத் தங்கச்சி வாலுக்கு,

அண்ணன் எழுதுறது. அண்ணி நல்லா இருக்கா, வாண்டு நல்லா இருக்கான், கடைப் பூனைகூட நல்லா இருக்கு. எனக்குத்தான் ஒரு கோளாறு. அதைச் சொல்லத்தான் உக்காந்தேன், ஆனா முதல்ல பூனை கதைய முடிச்சுடுறேன். அது இப்ப மீனே தின்ன மாட்டேங்குது. எதிர்க்கடை பேக்கரிக்காரர் கேக் ஓரத்தை நறுக்கிப் போட்டுப் பழக்கிட்டார். மீன் கடையில பொறந்த பூனை, மீசையில கிரீமோட வந்து நிக்குது! "உன் மீனைப் பூனையே தொடலையே, நாங்க எப்படிப்பா வாங்குறது?"ன்னு ஜனங்க கிண்டல் பண்றாங்க.

எனக்குச் சிரிப்பு வரல வாலு. போன காய்ச்சலோட என் மூக்கு போயிடுச்சு. மூக்கு மூஞ்சியிலதான் இருக்கு, வாசனைதான் தெரியல. மீனும் சோப்பும் எனக்கு ஒண்ணுதான். டாக்டர் "வரலாம், வராமலும் போகலாம்"னுட்டார். முழு மீன்னா கண்ணு தெளிவா இருக்கா, செவுள் சிவப்பா இருக்கான்னு பார்த்து ஒப்பேத்துறேன். துண்டு போட்ட மீனுக்குக் கண்ணேது, செவுளேது? போன வாரம் ஒரு அம்மா துண்டு மீனைத் திருப்பிக் கொண்டாந்து, "மோந்து பாருப்பா"ன்னு மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க. கல்லை மோந்த மாதிரி இருந்துச்சு. அவங்க வீட்டுல யாராவது அதைத் தின்னுருந்தா?

கடைய விட்டுடலாமான்னு யோசிக்கிறேன். ஆனா எனக்கு வேற எந்த வேலையும் தெரியாதே. அண்ணிகிட்ட இன்னும் சொல்லல. நீயும் வாயத் திறக்காத.

உன் அண்ணன்

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணா,

பூனைக்காகச் சிரிப்பதா, உனக்காக அழுவதா என்று தெரியாமல் ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவசரப்பட்டுக் கடையை விடாதே.

"அங்க அப்படி என்னதான் பண்ற?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாய், நானும் மழுப்புவேன். இன்றைக்குச் சொல்கிறேன், கேள். நான் வலை பின்னுகிறேன். கண்ணுக்கே தெரியாத வலை. முடிச்செல்லாம் உலோகம், கயிறெல்லாம் கரிமப் பொருள். பார்க்க வெறும் பொடிதான். ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக மின்னும். மீன் கெடும்போது ஒரு வாயு கிளம்பும். இத்தனை வருஷம் உன் மூக்கு கண்டுபிடித்தது அதைத்தான். அந்த வாயு வலைக்குள் போய் மாட்டினால் மின்னுவது மங்கிவிடும்.

பொடியைத் தாளில் பூசி, டார்ச்சோடு அனுப்பியிருக்கிறேன். மீன் வைத்த டப்பாவின் மூடியில், உள்பக்கம் ஒட்டு. மூடிவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து டார்ச் அடி. மின்னினால் கண்ணாலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு விற்பனை செய். மங்கினால், யார் என்ன சொன்னாலும் விற்காதே. தாளை ஈரம் படாமல் வை. இது இன்னும் சோதனையில் இருக்கிற பொருள், அதையும் மறந்துவிடாதே.

அண்ணியிடம் சொல்லிவிடேன் அண்ணா.

வால்

மார்ச் 12

அன்பு வாலு,

தாளு வந்த அன்னைக்கே ஒரு பழைய மீன் துண்டைப் போட்டுச் சோதிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, அணைஞ்சே போச்சு! புது மீனுக்கு மின்னுது. எனக்குத் தலைகால் புரியல. வாண்டு அந்த டார்ச்சை எடுத்து அண்ணி பல்லுல அடிச்சுப் பார்த்து, "அம்மா பேய்!"னு ஓடினான். சரி, அது கிடக்கட்டும்.

நேத்து விடுதிச் சமையல்காரருக்குப் பெரிய ஆர்டர். துண்டு போட்டு அடுக்கிட்டேன். தாளு மங்கிடுச்சு. இன்னொரு தாளு வச்சேன், அதுவும் மங்கல். சோறு கொண்டாந்த அண்ணி குனிஞ்சு மோந்து பார்த்தா.

"நல்லாத்தானே இருக்கு. எதுக்கு எடுத்துக் கொட்டுற?"

"தாளு வேணாங்குது."

"எந்தத் தாளு?"

"தங்கச்சி அனுப்பினது."

"உன் தங்கச்சி என்ன, இந்த மீனைப் பெத்தவளா?"

மூக்கு போனதைத்தான் அவகிட்ட இன்னும் சொல்லலையே. எல்லாத்தையும் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைச்சேன். சமையல்காரர் "இனிமே உன் கடைப் பக்கமே வரமாட்டேன்"னு போயிட்டார். அண்ணி ராத்திரியிலேருந்து செவுத்தோட பேசுறா. போகட்டும், கெட்ட மீன் யார் வயித்துக்கும் போகல.

தாளைப் பத்தி நீ கவலைப்படாத. கடை முழுக்கத் தண்ணிதான், ஒரு சொட்டு ஈரம் படாத இடம் கருவாட்டு டப்பா ஒண்ணுதான். போன வாரத்துலேருந்து அதுக்குள்ளதான் பத்திரமா வச்சிருக்கேன்.

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கருவாடு நாள் முழுக்க விடுவதும் அதே மாதிரி வாயுவைத்தான். தாள்கள் டப்பாவுக்குள்ளேயே மங்கியிருக்கும். மீன்மேல் தப்பே இருந்திருக்காது. அண்ணி மோந்து சொன்னதுதான் சரி.

ஈரம் படாமல் வை என்றேனே, வாசனை படாமல் வை என்று சொன்னேனா? மீன் டப்பாவில் ஒட்டுவதற்கு முன்னால் வெறும் தாளில் டார்ச் அடித்துப் பார் என்றாவது சொன்னேனா? மிச்சத் தாள்களைக் குப்பையில் போடு. இனிமேல் அனுப்பமாட்டேன். பக்கத்தில் அண்ணியின் மூக்கு இருக்கும்போது எங்கேயோ இருக்கிற என்னை எதற்காக நம்பினாய்?

உன் நல்ல மீனைக் கொட்டவைத்த வால்

ஏப்ரல் 9

என் வாலுக்கு,

எதுக்கு நம்பினேன்னு கேக்குற. மங்கினா விக்காதன்னு சொன்னே. நல்ல மீன்தானேன்னு அன்னைக்குத் தாளை மீறி வித்திருந்தா, நாளைக்குக் கெட்டதையும் அப்படியே வித்திருப்பேன். என்னை நான் நம்ப முடியல, அதான் உன்னை நம்பினேன். அதுக்குப் போய் அழுவாங்களா?

உன் கடுதாசி ரெண்டையும் அண்ணிகிட்டயே குடுத்துட்டேன். படிச்சா. என் மூஞ்சியவே பார்த்தா.

"அப்ப இத்தனை நாளா நான் வச்ச குழம்பு மணக்குதுன்னு சொன்னதெல்லாம்?"

"பொய்தான்."

"திருட்டுப்பய."

அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ கொஞ்சம் அழுதா, நானும்தான். மறுநாள் கடைக்கு வந்து பக்கத்துல உக்காந்துட்டா. வந்தவங்க எல்லார்கிட்டயும், "இவருக்கு மூக்கு வேலை செய்யல, இனிமே நான்தான் மோந்து பார்ப்பேன்"னு அவளே சொல்லிட்டா. சில பேர் திரும்பிப் போனாங்க, சில பேர் வாங்கினாங்க. கடைய விடல வாலு. நீ தாளு அனுப்பு. அவளுக்குச் சளி பிடிச்சா நான் எங்க போவேன்? கண்ணாடி பாட்டில்ல போட்டு வீட்டுலயே வைக்கிறேன்.

இப்ப அவ எனக்கு எல்லா வாசனையும் வாயால சொல்றா. "வெங்காயம் வதங்குது", "பக்கத்து வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்க"ன்னு. நேத்து வாண்டு என் மடியில தூங்கிட்டான். அவன் தலைய மோந்து சொல்லேன்னு கேட்டேன். குனிஞ்சவ ரொம்ப நேரம் நிமிரவே இல்ல.

"வெயில்ல காஞ்ச துணியில பால் சிந்தின மாதிரி."

"அப்புறம்?"

"பிஸ்கட்டு. கொஞ்சம் வேர்வை."

"அவ்வளவுதானா?"

"மீன் வாசனை. உன்மேலேயே ஏறி ஏறி விளையாடுறான்ல."

உன் அண்ணன்