இருபத்திரண்டாவது மேற்கோள்

ஜனவரி 9

தேநீர் கொதிப்பதற்குள் ஆய்வு நிலையத்து எதிர் அறைக்காரியின் எச்-எண்ணைப் பார்த்துவிட்டேன். இருபத்தொன்று. என்னுடையதும் இருபத்தொன்று. நேற்றும் அதேதான், முந்தாநாளும் அதேதான். பல் தேய்க்க மறந்தாலும் இதைப் பார்க்க மறப்பதில்லை.

வீட்டுக்காரர் பேக்கரிக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டார், "என்ன, ஏறுச்சா, இறங்குச்சா?" இந்த எச்-எண் என்னவென்றே அவருக்கு இன்னும் பிடிபடவில்லையாம். பத்தாவது தடவையாகச் சொன்னேன். நான் எழுதிய கட்டுரைகளில் இருபத்தொன்றை, ஒவ்வொன்றையும் குறைந்தது இருபத்தொரு தடவை, மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதனால் எண் இருபத்தொன்று. இருபத்திரண்டு ஆக வேண்டுமென்றால் இருபத்திரண்டு கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு மேற்கோள்.

"அப்ப ஒரே ரொட்டிய ஆயிரம் பேர் வாங்கினாலும் ஒண்ணுதானா? அநியாயமா இருக்கேம்மா." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மனுஷன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஜனவரி 22

சுற்றறிக்கை வந்துவிட்டது. எங்கள் ஆய்வு நிலையத்துக்கு ஒரே ஒரு தலைமை ஆய்வாளர் பதவி. ஜூன் 30 காலை யாருக்கு எச்-எண் அதிகமோ அவருக்கு. தன்னைத் தானே காட்டிக்கொண்ட மேற்கோள் செல்லாது. எண் சமமாக இருந்தால், பணியில் முதலில் சேர்ந்தவருக்கு.

கடைசி வரியை நாலு தடவை படித்தேன். அவளும் நானும் ஒரே நாள் காலையில் சேர்ந்தவர்கள். அவளிடம் பேனா இல்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் என் பேனாவைக் கொடுத்தேன். ஆக, பதிவேட்டில் என் பெயர் ஒரு வரி மேலே. ஒரு பேனா அளவுக்கு நான் மூத்தவள்!

அவள் ஏறாமல் இருந்தால் போதும். நான் ஒன்றும் செய்யவேண்டாம்.

பிப்ரவரி 3

இருபத்தொன்று, இருபத்தொன்று. நல்ல நாள்.

பிப்ரவரி 17

எதிர் அறையில் சிரிப்புச் சத்தம். இயக்குநர் அவள் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். என் அறைக்கு வந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போகிற மனிதர்.

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பாசி. நீர்ப்பாசி ஆராய்கிறாள். நான் பூஞ்சை ஆராய்வதால் காளான். முன்னெல்லாம் ஒன்றாகவே சாப்பிடுவோம், ஒன்றாகவே பேருந்து ஏறுவோம். "பாசியும் பூஞ்சையும் ஒட்டிக்கிட்டா கல்பாசி" என்று கேலி செய்வார்கள். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். பிறகு தேங்கிய நீர் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுதினாள். அதற்கு இன்று நூற்றறுபது மேற்கோள். அதில் பாதி யோசனை ஒரு தேநீர் இடைவேளையில் என் வாயிலிருந்து வந்தது. பாதி என்ன, கால்வாசி என்றே வைத்துக்கொள்வோம். என் பெயரைப் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விரதம். என் கட்டுரை எதிலும் அவள் பெயர் வராது. அவள் வேலையைச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில், அவளுக்குப் பிறகு அதையே செய்தவர் யாராவது இருப்பார், அவரைப் போடுவேன். பதினேழு வருஷம்! ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

மாலையில் வீட்டுக்காரர் சொன்னார், "உன் சிநேகிதி கடைக்கு வந்தாங்க. நீ எப்படி இருக்கேன்னு விசாரிச்சாங்க. நல்ல பொம்பள." எல்லாருக்கும் நல்லவள்தான் அவள். வயிறு எரிகிறது. இங்கே எழுதாமல் வேறு எங்கே போய்ச் சொல்வேன்?

மார்ச் 1

அவளுடைய வண்டல் கட்டுரை ஒன்று வரப்போகிறதாம். அவள் கட்டுரை வந்தால் ஆட்கள் பழசையும் தேடிப் படிப்பார்கள். ஜூனுக்குள் இருபத்திரண்டு ஆகிவிடுமோ? ஆகிவிடும். அவளுக்கு எப்போதும் ஆகிவிடும்.

மார்ச் 5

கிடைத்துவிட்டது!

மூன்று நாளாக அவள் கட்டுரைகளை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். பெரிய கட்டுரைகளில் ஊசி நுழைய இடமில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கீழே போனேன். ஏரி ஒன்றைப் பற்றிய பழைய கட்டுரை, யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்காதது, இருபத்தொரு மேற்கோள்தான். மூன்றாம் அட்டவணையில் மைக்ரோகிராம் என்று இருக்கவேண்டிய இடத்தில் மில்லிகிராம். ஆயிரம் மடங்கு! அந்த அட்டவணைப்படி பார்த்தால் அந்த ஏரியில் ஒரு மீன்கூட மிஞ்சியிருக்காது.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வார்கள். ஒரு கட்டுரை போனால் எண்ணும் சரியும். ஒரு சீப்பு பழத்தை நானே தின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 6

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாவு பிசைந்த கையோடு நின்று கேட்டார்.

"தப்பு இருக்குன்னா போய்ச் சொல்ல வேண்டியதுதானே? எதிர் ரூம்தானே?"

"இதெல்லாம் இதழுக்கு எழுதித்தான் சொல்லணும். அதுதான் முறை."

"பத்தடி நடக்கறதுக்கு இவ்வளவு முறையா?"

அறிவியலில் தவறைச் சுட்டிக்காட்டுவது கடமை. கடமையைத்தான் செய்கிறேன். இந்த வரியை எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். பொய். சரி, பாதி பொய்.

மார்ச் 19

இரண்டு பக்கக் குறிப்பு, அதே இதழுக்கு அனுப்பிவிட்டேன். எந்தக் கட்டுரையில் பிழை என்று காட்டவேண்டுமே, அதனால் அடியில் மேற்கோள் பட்டியலில் அவள் பெயரைப் போடவேண்டியதாயிற்று. முதல் எண்ணிலேயே. விரதம் போயிற்று. போகட்டும், நல்ல காரியத்துக்குத்தானே.

ஏப்ரல் 28

ஏற்றுக்கொண்டார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

மே 20

வெளிவந்துவிட்டது. அவள் அறைக் கதவு திறந்தே இருந்தது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்திலேயே எதைப் படிக்கிறாள் என்று தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தாள். நான் கோப்பு எடுக்கிற சாக்கில் இரண்டு தடவை அந்தப் பக்கம் போனேன். நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் ஒன்றும் சொல்லவில்லை? கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஜூன் 6

அவள் பதில் வந்திருக்கிறது. நாலே வரி. சுட்டிய பிழை சரியானது, தட்டச்சில் நேர்ந்தது, முடிவுகள் மாறவில்லை, கவனித்துச் சொன்னவருக்கு நன்றி. இதழும் அட்டவணையைத் திருத்திவிட்டது. அவ்வளவுதான். கட்டுரை அங்கேயேதான் இருக்கிறது, குத்துக்கல் மாதிரி.

நன்றியாம்! இவளை என்ன செய்வது?

எண்: இருபத்தொன்று, இருபத்தொன்று. இருக்கட்டும். சமமாக இருந்தாலே எனக்குத்தான்.

ஜூன் 29

எண் அசையவில்லை. புது மேற்கோள்கள் கணக்கில் ஏற ஒரு மாதம் பிடிக்கும் என்று நூலகர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு எந்தப் புடவை?

ஜூன் 30

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு நூலகர் இயக்குநர் அறையில் எங்கள் இருவர் எதிரிலும் வாசித்தார். எனக்கு இருபத்தொன்று. அவளுக்கு இருபத்திரண்டு. நேற்றுவரை இருபத்தொன்றுதானே என்று கேட்டேன், குரல் எனக்கே கிறீச்சென்றது. "இன்னிக்குக் காலையில ஏறியிருக்கு மேடம்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் அவர் பின்னாலேயே நூலகத்துக்கு ஓடினேன். எந்தக் கட்டுரை? காட்டுங்கள். திரையைத் திருப்பினார். அவளுடைய இருபத்தொரு கட்டுரைகள் எப்போதோ இருபத்திரண்டைத் தாண்டியிருந்தன. வரிசையில் அடுத்ததுக்கு மட்டும் ஒரே ஒரு மேற்கோள் குறைந்திருந்தது. அந்த ஏரிக் கட்டுரை.

"இப்ப வந்தது யாரோடது?"

நூலகர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "உங்களோடதுதான் மேடம். அந்த ரெண்டு பக்கக் குறிப்பு."

"அது பிழைன்னு எழுதினது! பாராட்டில்ல!"

"திட்டினாலும் ஒண்ணு, புகழ்ந்தாலும் ஒண்ணு மேடம். எண்ணுக்கு அதெல்லாம் தெரியாது."

இதை நான் மாணவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். எத்தனையோ நாள் அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள் அந்தப் பட்டியலில் ஒரு கூட்டல் போட்டுப் பார்க்கவில்லை. சும்மா இருந்திருந்தால் பதவி எனக்கு. சும்மா, கையைக் கட்டிக்கொண்டு. அய்யோ, சும்மா இருக்கத் தெரியலியே எனக்கு!

ஜூலை 1

வீட்டுக்காரரிடம் மறைக்க முடியுமா? சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சொந்தச் செலவுல சூனியம்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்பதான் கண்ணால பாக்கறேன்."

ஒரு தட்டை எறியலாமா என்று நினைத்தேன். அதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இன்றைக்குக் கடை அரை மணி தாமதம்.

ஜூலை 3

அவள் வந்தாள். வருஷக்கணக்கில் என் அறைக்குள் கால் வைக்காதவள். நாற்காலியில் கிடந்த காகிதக் கட்டுகளைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

வாழ்த்துச் சொன்னேன். வாயில் மண் மாதிரி இருந்தது.

"அது யாரோட சைட்டேஷன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"பிழை இருந்துச்சு. எழுதினேன்."

"இருந்துச்சு. ஒத்துக்கிட்டேனே. நான் அதுக்கு வரல." மேஜைமேல் கிடந்த என் கட்டுரை ஒன்றின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். "உன் பேப்பர் ஒவ்வொண்ணு வரும்போதும் நான் மொதல்ல கடைசிப் பக்கத்தத்தான்டி பாப்பேன். நீ எங்கயாவது என் பேரப் போட்டிருக்கியான்னு. பதினேழு வருஷமா. மே மாசம் முதல் தடவையா இருந்துச்சு. பிழைய அப்புறம்தான் படிச்சேன்."

அப்போது கண்ணாடியைத் துடைத்தது அதற்குத்தானா? கேட்கவில்லை. அன்றைய தேநீரைப் பற்றி, அந்தக் கால்வாசியைப் பற்றிக் கேட்க இத்தனை வருஷம் வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அதையும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது அவளே சொன்னாள், "அந்தத் தேங்கின தண்ணி பேப்பர்ல உன் பேரப் போட்டிருக்கணும். நான் கேக்கட்டும்னு நீ இருந்தே, நீ கேக்கட்டும்னு நான் இருந்துட்டேன்."

கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 20

இன்றும் பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்தொன்று. பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை.

செப்டம்பர் 11

புதுக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலை முடித்தேன். எட்டாவது இடத்தில் அவளுக்குப் பின்னால் செய்த ஒருவர் பெயர் இருந்தது, பழக்க தோஷம். அடித்துவிட்டு அவளுடைய தேங்கிய நீர்க் கட்டுரையைப் போட்டேன். முதலில் செய்தவள் அவள்தானே. போடுவதற்கு முன் ஒன்று பார்த்துக்கொண்டேன், மறைப்பானேன்: அதற்கு ஏற்கெனவே நூற்றறுபத்தைந்து, இன்னொன்று விழுந்தாலும் அவள் எண் ஏறாது.

அப்படிப் பார்த்துப் போட்டதற்கு வெட்கமாக இருந்தது. முகம் கழுவிவிட்டு வந்து பதினான்காவதாக அவளுடைய வண்டல் கட்டுரையையும் சேர்த்தேன். அதுவும் அங்கே வரவேண்டியதுதான். புதுசு, இப்போதுதான் ஏறுகிறது; ஒரு நாள் அவள் எண்ணையும் ஏற்றும்.

அனுப்புவதற்கு முன், தெரிந்ததுதான் என்றாலும், பத்தடி நடந்து எதிர் அறைக்குப் போய்க் கேட்டேன், "பட்டியல்ல உன் இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?"