மலைப்பாதையைச் சோதிக்காமல் எங்களை அனுப்பாதீர்கள்

அனுப்புநர்:
உயர் அழுத்தக் கம்பியாளர்,
மேற்குப் பிரிவு மின் அலுவலகம்.

பெறுநர்:
மாவட்ட நிர்வாக அதிகாரி அவர்கள்.

பொருள்: சாய்க்கப்பட்ட மின்கோபுரத்துக்குச் செல்லும் பாதையில் கண்ணிவெடிகளை அகற்றக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மலைக்கு அப்பாலிருந்து நம் ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் கோபுரத்தைத் தீவிரவாதிகள் கடந்த ஓராண்டில் இரண்டு முறை வெடிவைத்துச் சாய்த்தார்கள். முதல் முறை மழையில் நனைந்தபடியே நிமிர்த்திவிட்டோம். ஊர்வலம் விடாத குறையாக ஊரே எங்களைக் கொண்டாடியது.

2. இரண்டாம் முறை, நாங்கள் பழுதுபார்க்க வருவோம் என்று தெரிந்தே பாதையில் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் நடந்த சக கம்பியாளர், நாங்கள் ‘ஒட்டகம்’ என்று கூப்பிடும் நெட்டையர், வலது காலை இழந்தார். தொடையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நானும் எங்கள் குழு மேஸ்திரியும் சுமந்து இறக்கினோம். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: “என் ஷூ எங்கடா? புதுசுடா அது.”

3. அன்று போன மின்சாரம் இன்னும் வரவில்லை. நூற்பாலை முதலாளி இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றி வெளியூருக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே வேலை பார்த்த என் மனைவி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் குளிர்பெட்டி ஓடாமல் தடுப்பூசிகள் வீணாயின. பாலிடெக்னிக் கட்ட வந்த ஒப்பந்தக்காரர் அளவுக்கல் நட்டதோடு சரி. இப்போது போனையே எடுப்பதில்லை.

4. பாதையைச் சோதிக்கச் சொல்லிக் கேட்டேன். மின் அலுவலகம் காவல்துறையைக் கைகாட்டியது. காவல்துறை ராணுவ முகாமைக் கைகாட்டியது. முகாமில், மின் அலுவலகம்தான் எழுதிக் கேட்க வேண்டும் என்றார்கள். அலைந்து திரும்பிய எனக்குக் கிடைத்தது, ‘பணிக்குச் செல்ல மறுத்தது ஏன்?’ என்ற மெமோ. பொறியாளர் தனியே அழைத்து, “மேல இருந்து நெருக்குறாங்கப்பா. பாத்துக் கால் வச்சுப் போயிட்டு வந்துடு” என்றார். எதைப் பார்ப்பது ஐயா? மண்ணுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியுமா?

5. மெமோவைப் படித்த என் மனைவி, “ஊருக்கு வெளிச்சம் வேணும்தான். அதுக்கு உங்களையா கொளுத்தணும்?” என்று கேட்டாள். இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று எழுதுகிறேன்.

கோபுரம் ஏறுவது என் தொழில். எவ்வளவு உயரமானாலும் ஏறுவேன். தரையில் நடப்பதற்குத்தான் உத்தரவாதம் கேட்கிறேன். கண்ணிவெடி அகற்றும் குழுவை உடனே அனுப்பவும், மெமோவைத் திரும்பப் பெறவும் உத்தரவிடும்படி வேண்டுகிறேன். பாதை சரியாக இருக்கிறது என்று கையெழுத்திடும் அதிகாரி எங்களோடு நடந்து வந்தால், அன்றே வேலையைத் தொடங்குவோம்.

அதுவரை நான் போவதாக இல்லை. மெமோவுக்கும் இதுவே என் பதில்.

நாள்: மார்ச் 14
இடம்: மின் ஊழியர் குடியிருப்பு

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
கம்பியாளர், மேற்குப் பிரிவு