சிவப்புக் குடையும் நாலாவது மாடி ஜன்னலும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தொண்டை கட்டாமல் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்வார், பாதியில் பிடுங்கியும் கொள்வார், அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தர் மனசு ஒருத்தர் நோகாமல் இனிக்க இனிக்கப் பேசி வைத்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது அப்படிப் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை.

உலகத் தலைவர்கள் மாநாடு முடிந்து பத்து நாளாகிறது, ஊர் பழையபடி ஆகிவிட்டது. ஸ்டேஷன் சுவருக்கு அடித்த வெள்ளை மட்டும் இன்னும் புதுசாக இருக்கிறது, ரயில் பாதை ஓரத்தில் கொண்டுவந்து வைத்த பூந்தொட்டிகளை மறுநாள் காலையிலேயே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாலு வருஷம் கழித்து நீ சொந்த ஊருக்கு வந்தாய். நம் வீட்டிலிருந்து எட்டாவது ஸ்டேஷனுக்கு எதிரே மூன்று நாள் இருந்தாய். ஒரு வாய் தண்ணீர்கூட நம் வீட்டில் குடிக்காமல் திரும்பிப் போனாய். உன்மேல் கோபம் என்று நினைக்காதே. நீ வேலை பார்க்கிற நாட்டின் குழுவோடு மொழிபெயர்க்க வந்தவர்கள் பாதுகாப்பு வேலியைத் தாண்டக் கூடாது என்று ஓர் உத்தரவு, வெளியாட்கள் வேலிக்குள் வரக் கூடாது என்று இன்னோர் உத்தரவு, இரண்டுக்கும் நடுவில் நாங்கள் என்ன செய்ய முடியும். உலகத்து நாடுகளையெல்லாம் ஒன்றாக உட்கார வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தாயையும் மகளையும் பத்து நிமிஷம் உட்கார வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் என் வருத்தம்.

நீ வந்து இறங்கிய அன்று ஹோட்டல் போனிலிருந்து பேசினாய் அல்லவா, அங்கே செல்போன் எதுவும் வேலை செய்யாது என்றும், தினமும் நாலரையிலிருந்து ஐந்து வரை உனக்கு ஓய்வு என்றும், அறை நாலாவது மாடியில் ரயில் பாதையைப் பார்த்து இருக்கிறது, ஜன்னலில் மஞ்சள் துண்டைத் தொங்கவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன் என்றும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் இல்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் வண்டி போகிற நேரமும் வருகிற நேரமும் குறித்த மனுஷர், ஓய்வு பெற்றதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை மணிக்குக் குப்பை கொட்டுகிறார் என்று குறித்துக்கொண்டிருந்தவர், அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. பெரிய அட்டை வாங்கி வந்து மூன்று நிற மையில் கால அட்டவணை போட்டார். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் எனக்கு நாலு மணிக்கு வேலை முடிகிறது, நாலு இருபத்தைந்து வண்டி, உன் ஹோட்டலுக்கு எதிரே இருக்கிற மாநாட்டு மண்டப ஸ்டேஷனில் வண்டி நிற்காது ஆனால் மெதுவாகப் போகும், நாலு நாற்பதுக்கு உன் ஜன்னல். அவர் முன்கூட்டியே ஆஸ்பத்திரி ஸ்டேஷனுக்கு வந்து என்னோடு ஏறிக்கொள்வார். நீ எங்களை அடையாளம் காண வேண்டுமே என்று, போனிலேயே உன்னிடம் சொன்னபடி, கடைவீதிக்குப் போய் ஒரு சிவப்புக் குடை வாங்கினார். பழைய கறுப்புக் குடையே இருக்கிறதே என்றேன், கறுப்புக் குடை ஊருக்கே இருக்கிறது என்று என் வாயை அடைத்துவிட்டார்.

முதல் நாள் அட்டவணைப்படி நடந்தது நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனது மட்டும்தான். நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை எல்லா வண்டியும் ரத்து. ஒலிபெருக்கியில் ஒரு பெண் வருந்துகிறோம் வருந்துகிறோம் என்று அத்தனை இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், கடைசியில் எங்களுக்கே அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. உன் அப்பா நிலைய அதிகாரியிடம் போய், நான் இந்தத் துறையில் இருந்தவன், மாற்று ஏற்பாடு இல்லாமல் ரத்து செய்யக் கூடாது என்று பாடம் நடத்தினார். அவர், நீங்கள் எந்த ரயில்வே என்று மரியாதையாகக் கேட்டார். பஸ் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஊரைச் சுற்றிக்கொண்டு மூன்று பஸ் மாறி வீட்டுக்கு வந்து சேர ஏழரை ஆகிவிட்டது, பஸ்ஸும் தாமதம்தான் என்று நான் சொன்னதற்கு இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

இரண்டாம் நாள் வண்டி வந்தது. ஊரில் பாதி ஜனம் அதில்தான் இருந்தது. எங்கள் பெட்டியில் தினமும் வருகிற ஒரு வங்கிக்காரர் உண்டு, பதினோரு வருஷமாக அதே ஜன்னல் இருக்கை, கர்ப்பிணி வந்து நின்றாலும் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார், நாங்கள் அவருக்கு ஜன்னல்சாமி என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். அவர் தலைக்கு மேல் எக்கி உன் அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஹோட்டல் வந்ததும், அதோ மஞ்சள் என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டினார். நானும் கண்ணீரோடு ஆட்டினேன். அங்கேயிருந்தும் கை ஆடியது. கொஞ்சம் நெருங்கிய பிறகுதான் தெரிந்தது, அப்போதுதான் குளித்துவிட்டு வந்த ஒரு பெரிய தொப்பைக்கார மனுஷர் மஞ்சள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு எங்களுக்குக் கை காட்டினார். எந்த நாட்டு அமைச்சரோ, நல்ல குணசாலி, வண்டி வளைவு திரும்புகிற வரை காட்டினார். ஏண்டி, அந்த ஹோட்டலில் எல்லா அறைக்கும் மஞ்சள் துண்டுதான் என்று உனக்குத் தோன்றவே இல்லையா. எங்களுக்கும் தோன்றவில்லை, அதனால் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. சிவப்புக் குடை? அது மடக்கினது மடக்கினபடி உன் அப்பாவின் கக்கத்தில் இருந்தது. இரண்டு கையும் அந்தத் தொப்பைக்காரருக்கு ஆட்டுவதிலேயே போய்விட்டதே, குடையை எதால் விரிப்பார்.

மூன்றாம் நாள்தான் கடைசி நாள். எனக்குக் காலையிலிருந்தே கை ஓடவில்லை, சலவைப் பிரிவில் பிள்ளைகள் வார்டு தலையணை உறைகளைப் பெரியவர்கள் கட்டிலுக்கு அனுப்பி மேஸ்திரியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்டேஷன் வாசலில் புதிதாகச் சோதனை. குடையின் நுனியில் இரும்பு இருக்கிறது, உள்ளே விட மாட்டோம் என்றார்கள். இது என் மகள் பார்ப்பதற்காக வாங்கியது என்று உன் அப்பா சொல்ல, அப்படியானால் மகளையே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, குடையை மூலையில் இருந்த ஐம்பது குடையோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். வண்டி அரை மணி தாமதமாகத்தான் கிளம்பியது. ஐந்து மணி தாண்டிவிட்டது, உன் ஓய்வு முடிந்திருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. ஐந்து பத்துக்கு, ஹோட்டலுக்கு நேர் எதிரே, வண்டி நின்றுவிட்டது. யாரோ ஒரு தலைவரின் கார்கள் மேம்பாலத்தில் போகின்றனவாம், அவை போய்ச் சேருகிற வரை கீழே ஒரு சக்கரமும் உருளக் கூடாதாம். அந்தத் தலைவர் நூறு வயசு இருக்க வேண்டும் என்று நான் மனதார வாழ்த்தினேன். வாழ்த்தி முடித்துத் தலையைத் தூக்கினால், எங்களுக்கும் ஹோட்டலுக்கும் நடுவில் அடுத்த பாதையில் ஒரு காலி வண்டி மலை மாதிரி நிற்கிறது.

அப்போது நான் அழுதுவிட்டேன். பெட்டியில் எல்லோரும் என்ன ஏது என்று கேட்க, உன் அப்பா மாநாட்டில் பேசுகிற மாதிரி முழு விவரமும் சொன்னார், அட்டவணை உட்பட. கேட்டவர்கள் எல்லோரும் அந்தக் காலி வண்டியைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஜன்னல்சாமி பேப்பரை மடித்து வைத்தார், எழுந்தார், இங்கே உட்காருங்கம்மா என்றார். பதினோரு வருஷத்தில் அவர் குரலை அன்றுதான் கேட்டேன். நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், யார் உத்தரவோ, காலி வண்டிக்கு மட்டும் வழி கிடைத்து அது மெல்ல நகர்ந்தது, பெட்டி பெட்டியாகப் போய், கடைசியில் ஹோட்டல் முழுசாகத் தெரிந்தது.

நாலாவது மாடியில் மட்டும் ஏழு மஞ்சள் துண்டு. ஒரு ஜன்னலிலும் ஆள் இல்லை. உன் அப்பா அட்டையைப் புரட்டிக்கொண்டு, இடமிருந்து மூன்றாவது என்றார், இல்லை ஐந்தாவது என்றார். எனக்கு எண்ணிப் பார்க்கத் தேவைப்படவில்லை. ஆறு துண்டைச் சுருட்டியும் கசக்கியும் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஒன்றுதான் நீளவாக்கில் மூன்றாக மடித்து, ஓரம் உள்ளே போய், இரண்டு முனையும் அளந்த மாதிரி சமமாகத் தொங்கியது. ஆஸ்பத்திரி மடிப்பு. பத்து வயசில் உன்னை உட்கார வைத்து, கோணலாக மடித்ததையெல்லாம் உதறிப் போட்டு மறுபடி மடிக்கச் சொல்லி அழவைத்தேனே, இது என்ன ஆஸ்பத்திரியா என்று கேட்டாயே, அதே மடிப்பு. ஒரு அடையாளத்துக்குத் தொங்கவிடுகிற துண்டைக்கூட உன்னால் விரித்துப் போட முடியவில்லை. அரை மணி நேரம் அதன் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாய், ஒரு வண்டியும் வந்திருக்காது, யாரோ ஒரு தலைவரின் பேச்சைப் பேசுவதற்கு உள்ளே போயிருப்பாய். ஜன்னல்சாமி குனிந்து, "அந்தத் துண்டுதாம்மா உங்க பொண்ணா?" என்று கேட்டார். "ஆமாங்க, அதுதான்" என்றேன். அவர் கை காட்டினார். அப்புறம் பெட்டியே கை காட்டியது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் யாரும் கை ஆட்டக் கூடாது, உட்காருங்கள் என்று அதட்டிவிட்டு, எந்த ஜன்னல் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஒன்பது நிமிஷம் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி விமானம் ஏறுவதற்கு முன் நீ பேசினாய். நான் எடுப்பதற்குள் உன் அப்பா எடுத்துவிட்டார். "நல்லாப் பாத்தோம்மா, கொஞ்சம் இளைச்சிருக்க" என்று கூசாமல் சொன்னார். இளைத்தது துண்டா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. அதற்கு நீ சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது, "நானும் பாத்தேன்ப்பா, இன்னிக்கு அம்மா கையில அந்தச் சிவப்புக் குடை அவ்வளவு பளிச்சுனு தெரிஞ்சுது." உன் அப்பா சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தராமலே வைத்தார். கதவுக்குப் பின்னால் குடை மாட்டுகிற ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளே, அந்த மூன்று நாளும் அந்தக் குடை ஒரு தடவைகூட விரியவே இல்லை.

இதை எழுதாமல் இருந்தால் நாலு வருஷம் கழித்தும் நாம் இரண்டு பக்கமும் அதையே சொல்லிக்கொண்டிருப்போம், எனக்கு அது தாங்காது. நாங்கள் உன்னைப் பார்க்கவில்லை, நீயும் எங்களைப் பார்க்கவில்லை. நான் உன் மடிப்பைப் பார்த்தேன், எனக்கு அது போதவில்லை. அதனால் இந்த வருஷம் முடிவதற்குள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா, தலைவர் யாரையும் கூட்டிக்கொண்டு வராதே. வெந்நீர் குடி, அடுத்தவர்கள் பேச்சையே நாளெல்லாம் பேசுகிறாய், உன் பேச்சுக்கும் கொஞ்சம் தொண்டையை மிச்சம் வை. எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கிறது, எந்த வேலியும் அதைத் தடுக்காது.

ஒன்று மறந்துவிட்டேன். முந்தாநாள் உன் அப்பா சீட்டைக் கொண்டுபோய் வரிசையில் நின்று குடையை வாங்கிவிட்டார். வரும் வழியில் நல்ல மழை. சொட்டச் சொட்ட நனைந்து, மடக்கின குடையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கையில் குடையை வைத்துக்கொண்டு இது என்ன கோலம் என்று கத்தினேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "அவ வந்து இறங்கறப்பதான் விரிக்கறது" என்றார். இரண்டு நாளாகத் தும்மிக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா